கூச்சம்

முள்ளோடையில் பஸ்ஸை விட்டிறங்கி
சாராயக்கடை வரிசையைத் தாண்டி
தெற்கே நடந்தால்
எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியாது,
நான் பழங்குடி ஆகிவிடுவேன்.
திரும்பி வரும்போது
அதே இடத்தில்
வெறும் அஞ்சலாட்சி.

அக்கா பெண்ணையாற்றுக்குத் தெற்கே வாக்கப்பட்டாள்
நான் பாகூர் ஏரிக்கு இந்தப் பக்கம்.
ஒரே வயிறு, அதே ஏழு கன்னிமார்,
மாசி மகத்துக்கு ஒரே மணலில் படுக்கை.
அவள் பிள்ளைக்குச் சான்றிதழ் இருக்கிறது,
மூன்று வருடம் அலைந்து
இரண்டு ஆடு விற்று வாங்கியது.
என் பிள்ளைக்குப் பட்டியலே இல்லையாம்.
பெயர் விட்டுப்போகவில்லை.
பெயர் எழுதத் தாளே வைக்கவில்லை.

போன ஐப்பசியில் மூன்று பேர் வந்தார்கள்
நாங்கள் நாங்கள்தானா என்று பார்க்க.
டீக்கடையில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டோம்.
எலி பிடிப்பீங்களா?
பிடிப்போம்.
பாம்பு?
என் மகள் ரஞ்சிதா முந்திக்கொண்டாள்:
எனக்குப் பாம்புன்னா பயம் சார்,
நர்சிங் படிக்கணும்.
கண்ணாடிக்காரர் அதை எழுதவில்லை,
ஏற்கெனவே எழுதியிருந்த எதையோ அடித்தார்.

கொழுந்தன் சன்னாசி வரப்பை வெட்டி
வளைக்குள் தோள்வரை கைவிட்டு
வாலைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.
போட்டோ சரியாக விழவில்லை,
இன்னொரு முறை என்றார்கள்.
எலியைத் திரும்ப வளைக்குள் விட்டு
திரும்பப் பிடித்தான்.
மூன்றாம் முறை எலிக்கே அலுத்துவிட்டது,
வாசலில் உட்கார்ந்து காத்திருந்தது.

கடைசியாக, தாளைப் பார்த்துப் படித்தார்
அவர்களில் சின்னவர்:
வெளியாட்களிடம் பழகக் கூச்சம் உண்டா?
உண்டு என்றேன்.
ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
பட்டியலில் சேர வேண்டுமென்றால்
கூச்சம் இருக்க வேண்டும்.
சட்டசபையில் ஒரு நாற்காலி கேட்டால்
அங்கே போய்ப் பேச
கூச்சம் இருக்கக் கூடாது.
எந்தத் தேதியிலிருந்து
அதைக் கழற்றி வைக்கலாம் என்று
தாளில் போட்டிருக்கிறதா?
கேட்டிருக்கலாம்.
கூச்சமாக இருந்தது.

ஒரு மழைக்காலம்,
தாலுகா ஆபீஸ் பதிவறையில் நல்லபாம்பு.
நடுராத்திரி ஜீப் அனுப்பி
என் வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.
அன்று ஒருநாள் மட்டும்
எங்கள் இனத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.
பாம்பு சுருண்டு கிடந்தது
மனுக்கட்டுகளின் மேல்.
அதில் எங்களுடையதும் இருந்ததாம்,
சூடாக இருந்தது என்றார்.

அக்கா ஊரில்
தலைவர் பதவியை எங்களுக்கென்று ஒதுக்கினார்கள்.
பதினோரு ஓட்டில் ஜெயித்தாள்.
காசோலைப் புத்தகம் மட்டும்
துணைத்தலைவர் வீட்டுப் பீரோவில்.
கேட்டாளா என்கிறீர்களா? கேட்டாள்.
நாலு மாசம், தினம் காலையில் போய்
அவர் பல் விளக்கி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.
இப்போது அது அவள் மடியில்.
முதலில் போட்ட கையெழுத்து
எங்கள் தெருவுக்கு இல்லை,
துணைத்தலைவர் தெருக் குழாய்க்கு.
ஏன்டீ என்று சண்டை போட்டேன்.
அங்கதான் தண்ணி வரல என்றாள்.
இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

மறுபடி கடிதம் வந்திருக்கிறது,
தை பிறந்ததும் வருவார்களாம்.
இந்த முறை எலிக்கும் கூலி கேட்கணும்
என்கிறான் சன்னாசி.
ரஞ்சிதாவிடம் நோட்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.
நாற்காலி போடுவோம், தண்ணீர் கொடுப்போம்,
பிறகு நான் கேட்பேன்:

உங்க பேரு?
எத்தனை தலைமுறையா இந்த வேலை?
பட்டியல் எழுதுவீங்களா?
எங்கே, எழுதிக் காட்டுங்க.

போட்டோ சரியா விழல சார்,
இன்னொரு முறை.